பிரேக் திருத்திய பின் ஒயில் அளவைப் பாருங்கள்

றிவர்ஸ்டன் மலையிலிருந்து இரத்தோட்டைக்கு ஆட்களோடும் மரக்கறி மூட்டைகளோடும் இறங்கும் வாகனத்துக்குப் பிரேக்கே உயிர். நாலு குடும்பம் சேர்ந்து வாங்கிய பழைய வான் என்றால், நாலு குடும்பத்தின் பிழைப்பும் அதில்தான். ஆகவே பிரேக் திருத்தியவுடன் வீதிக்கு எடுக்காதீர்கள்.

முதலில் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். மிதி இறுகி நிற்க வேண்டும். பஞ்சுபோல அமிழ்ந்தால் குழாயில் காற்று இருக்கிறது; மீண்டும் காற்றெடுக்க வேண்டும்.

அடுத்து, எஞ்சின் அருகிலுள்ள பிரேக் ஒயில் கிண்ணத்தைப் பாருங்கள். ஒயில் மேல்கோட்டைத் தாண்டாமலும் கீழ்கோட்டுக்கு இறங்காமலும் நிற்க வேண்டும். குறைவானால் மூடியைத் துடைத்துத் திறந்து, அதில் குறித்துள்ள இனத்தையே (டொட் 3 அல்லது டொட் 4) புதுப் போத்தலிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதி அடிவரை போய்விடும். எஞ்சின் ஒயில் ஒரு துளியும் கூடாது. றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மறுநாளும் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மேலும் ஊற்றுவது அதற்கு மருந்தல்ல. சில்லுகளின் உட்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, ஒழுக்கைத் திருத்தும்வரை வாகனத்தை எடுக்காதீர்கள். ஒரு நாள் வருமானம் போகட்டும், உயிர் போகவேண்டாம்.