உங்களுக்குத் தெரியுமா? மண்ணையும் விண்ணையும் அளந்த ஊர்கள்

● எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்ன நில அளவைக்குப் பிள்ளையார் சுழி போடப்பட்டது சென்னை பரங்கிமலையில். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். 100 அடி நீள எஃகுச் சங்கிலி அது. சித்திரை வெயில் பட்டால் இரும்பு நீளும், கணக்கு பிசகும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். சங்கிலியைச் சுமார் 400 முறை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. வேலை முடிய 57 நாள். ஒரு பக்கத்தின் நீளம் சரியாகக் கிடைத்துவிட்டால், கோணங்களை மட்டும் அளந்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். அந்த முதல் பக்கம் இதுதான்.

● கோணம் அளக்கும் தியோடலைட் கருவி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. எடை சுமார் அரை டன். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். சண்டைக்கு நடுவிலும் அப்படி ஒரு பண்பு!

● அந்தக் கருவி உடைந்தது நம் தஞ்சைப் பெரிய கோயிலில். காவிரிப் படுகையில் ஏறி நின்று பார்க்க மலை ஏது? தென்னையும் வயலும்தான். எனவே கோபுரங்களையே குன்றுகளாகப் பயன்படுத்தினார் லாம்டன். 1808-இல் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துபோனது. புதிதாக ஒன்று வாங்க வேண்டுமானால் லண்டனுக்கு எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாம்டன் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் கருவி மறுபடி வேலைக்கு வந்தது.

● லாம்டன் 1823-இல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பணியில் இருக்கும்போதே இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ‘பதினைந்தாம் சிகரம்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். 1865-இல் மலைக்குச் சூட்டப்பட்டதோ எவரெஸ்ட்டின் பெயர். தன் பெயர் வேண்டாம் என்று எவரெஸ்ட்டே ஆட்சேபித்தும் எடுபடவில்லை. தொடங்கியவருக்கும் கணக்குப் போட்டவருக்கும் ஒரு குன்றுகூடக் கிடைக்காதது அநியாயம்தான்.

● சென்னை நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கிக் கருவியைத் தாங்கிய தூண். தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலாக ஊன்றியது பிரிட்டிஷாரின் தயாளம் என்பது அதன் சாரம். ஆரியபட்டர் தம் நூலை எழுதி அப்போதே ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்.

● 1906-இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வரும்வரை, நாட்டின் ரயில்கள் பல ஆண்டுகள் ஓடியது இந்த வானாய்வகம் கணித்த ‘மெட்ராஸ் டைம்’படிதான். கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் நடுவில் அது விழுந்ததால் இருவருக்கும் சண்டையில்லை.

● இதே வானாய்வகத்தில் 1861-இல் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயரிட்டார்.

● போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல், தென்வானில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் தயாரித்தார். இன்றைய அறிவியல் இயக்கத்தார் செய்யும் வேலையை அன்றே தனியாளாகச் செய்தவர். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி பெறத் தகுதியானவர்.

● கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். உலக வானியல் நூல்கள் இன்றும் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்கின்றன. நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேமிப்பில் உள்ளன. சிறிய அருங்காட்சியகமும் உண்டு. கோடை விடுமுறையில் தூண் பாறைக்கும் படகுச் சவாரிக்கும் போகிறவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இங்கேயும் போய்வாருங்கள்.