கலிவெண்பாவும் ஆங்கில ஈரடியும்

ஆங்கிலப் புலவர் அலெக்சாண்டர் போப்பு (1688–1744) பெரிதுங் கையாண்ட ஈரடிச் செய்யுளில் அடிதோறும் பத்தசை, ஐந்தழுத்தம். (இவ்வசை நம் நேரும் நிரையும் அன்று, உயிரொலி ஒன்றுடைய அளவே.) ஈரடியும் ஈற்றில் இயைந்தொலிக்கும், பெரும்பாலும் அவ்வியைபோடு பொருளும் முற்றும்.

குமரகுருபர அடிகள் திருச்செந்தூரில் அருளிய கந்தர் கலிவெண்பாவின் கண்ணியும் ஈரடியே. ஆதலின் இரண்டும் ஒருதன்மைய என்பாருளர். அது பொருந்தாது. இங்கே எதுகை அடிமுதற்கண் நிற்கும். இரண்டாமடியின் நான்காஞ்சீராகிய தனிச்சொல்லும் அவ்வெதுகையையே ஏற்கும். ஆயினும் பொருளாற் பெரும்பாலும் வருங்கண்ணியையே சாரும். ஆங்கிலத்தில் இயைபு கதவடைக்கும். ஈண்டு எதுகை அடுத்த கண்ணிக்கு வாயில் திறக்கும்.

ஆறத்துவாக்களை முருகன் திருமேனியாக ஓதும் பகுதியைக் காண்க. மந்திரம் குருதி, பதம் முடி, வன்னம் தோல், புவனம் உரோமம், தத்துவம் தாது, கலை அவயவம் என அது இடையறாது செல்லும். கலைக்கு அடையாகிய சொல் முற்கண்ணியின் தனிச்சொல்லாய் நிற்கின்றது. ஆத்தூரினின்று செந்தூர் செல்லும் அடியார் பலர் தனிச்சொல்லோடு மூச்சை நிறுத்துகின்றனர். கலை அடையிழந்து தனித்துப்போகின்றது. யானும் இளமையில் அங்ஙனமே ஓதி ஆசிரியரால் திருத்தப்பெற்றேன். அச்சுநூல்களில் தனிச்சொல்லுக்கு முன்னர் இடப்படுஞ் சிறுகோடே நிறுத்துமிடம் என்க.