குழாய்த் தொழிலாளர்

காலையில் எழுந்து குழாயைத் திருகுகிறோம், நீர் வருகிறது. முகம் கழுவிய நீர் கீழேயுள்ள துளை வழியே ஓடி மறைகிறது. வந்த வழியையும் போன வழியையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருநாள் நீர் வாராது நின்றுவிட்டாலோ, போன நீர் திரும்பி வந்து வீட்டினுள் தேங்கினாலோ, அப்பொழுதுதான் அவ்வழிகளை அமைப்பவர் நம் நினைவுக்கு வருகிறார். அவரே குழாய்த் தொழிலாளர். பேச்சு வழக்கில் அவரைப் பிளம்பர் என்கிறோம்.

பிளம்பர் என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இலத்தீன் மொழியில் ஈயத்திற்குப் 'பிளம்பம்' என்று பெயர். பண்டை உரோமர் ஈயத் தகட்டை வளைத்து நீர்க்குழாய் செய்தனர். அவ்வேலை செய்தவருக்கு ஈயத்தின் பெயரே தொழிற்பெயர் ஆயிற்று. ஈயம் உடலுக்கு நஞ்சு என்பதை அறிந்தபின் குடிநீர்க் குழாய்க்கு அதனைக் கைவிட்டனர். பெயர் மட்டும் எஞ்சியது. நீரைக் குழாய் வழியே செலுத்தும் கலை நம் நாட்டிற்கும் புதிதன்று. நிலத்தின் கீழ் மறைந்து செல்லும் நீர்வழியைப் பழந்தமிழர் 'சுருங்கை' என்றும், நீர் பாயும் குழல்வழியைத் 'தூம்பு' என்றும் வழங்கினர். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் சுடுமண் குழாய்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

ஒரு வீட்டில் இரண்டு நீர்வழிகள் உண்டு. ஒன்று நன்னீர் வரும் வழி. மற்றொன்று கழிவுநீர் போகும் வழி. இவ்விரண்டும் எக்காலத்தும் எவ்விடத்தும் ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. குழாய்த் தொழிலின் இலக்கணம் முழுவதையும் இவ்வொரு விதியில் அடக்கிவிடலாம்.

நன்னீர் தெருக்குழாயிலிருந்து வீட்டின் நிலத்தடித் தொட்டிக்கு வருகிறது. மின்விசைப் பொறி அதனை மாடிமேல் உள்ள தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து அது தன் எடையினாலேயே கீழிறங்கி அடுக்களைக்கும் குளியலறைக்கும் பாய்கிறது. நீரின் உயரம் 10 மீட்டர் ஆனால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். கீழ்த்தளத்தில் நீர் விசையோடு வீழ்வதும், தொட்டிக்கு அருகில் உள்ள மேல்தளத்தில் மெலிந்து ஒழுகுவதும் இதனாலேதான்.

சிலர் பொறியை நேரே தெருக்குழாயோடு இணைத்து நீரை உறிஞ்சுவர். அது பெருந்தவறு. உறிஞ்சும்போது தெருக்குழாயின் அழுத்தம் குன்றுகிறது. எங்கேனும் விரிசல் இருப்பின், சுற்றியுள்ள மண்ணின் அழுக்குநீர் அதன் வழியே குழாயினுள் புகுகிறது. ஒருவர் விரைந்து கொண்ட நீர் தெருவார் அனைவர்க்கும் நோய் தரக்கூடும். நல்ல தொழிலாளர் கூலி மிகக் கொடுத்தாலும் இவ்விணைப்பைச் செய்ய உடன்படார்.

கழிவுநீர் போகும் வழிக்கு அழுத்தம் இல்லை. சரிவு ஒன்றே துணை. 4 அங்குலக் குழாய் எனின், 40 அடி நீளத்திற்கு ஓர் அடி தாழ்வு வைப்பது வழக்கம். சரிவு குறைந்தால் கழிவு தேங்கும். சரிவு மிகுந்தால் நன்று என்று எண்ணற்க; அப்பொழுது நீர் முந்தி ஓடிவிட, திடக்கழிவு பின்தங்கி அடைப்பை உண்டாக்கும். கைகழுவும் தொட்டியின் அடியில் குழாய் வளைந்து செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வளைவில் ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழத்திற்கு எப்போதும் நீர் நிற்கும். சாக்கடையின் நாற்றமும் பூச்சியும் வீட்டினுள் ஏறாதபடி அந்நீர் கதவுபோல் நின்று காக்கிறது. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் எழுவது ஏன்? வளைவில் நின்ற நீர் வற்றிவிட்டமையால்தான். ஒரு செம்பு நீர் ஊற்றினால் கதவு மீண்டும் அடைபடும்.

இனி, இத்தொழிலாளரின் கருவிப் பையைக் காண்போம். இரும்புக் குழாயைப் பற்றித் திருகுவதற்குப் பைப் ரெஞ்சு. குழாயை அறுப்பதற்கு ஆக்சா வாள். இரும்புக் குழாயின் முனையில் மரை வெட்டுவதற்கு அச்சு. சரிவையும் சமனையும் காண்பதற்கு ரசமட்டம். நேர்நிலை காண்பதற்குத் தூக்குக்குண்டு. அடைப்பை நீக்குவதற்குச் சுருள்கம்பி. இவற்றோடு உளி, சுத்தியல், அளவு நாடா, சிறியவும் பெரியவுமாகிய ஸ்பானர்கள், இழைத்துத் தேய்ந்த வாஷருக்கு மாற்றாகப் புதிய வாஷர்கள் ஆகியனவும் இருக்கும். இரும்புக் குழாயின் மரையில் முற்காலத்தில் சணல் சுற்றினர். இக்காலத்தில் டெஃப்லான் நாடா சுற்றுகின்றனர். பி.வி.சி. குழாயாயின், முனையைத் துடைத்து, இரு பக்கமும் பசை தடவி, உள்ளே செலுத்திச் சிறிது திருப்பி, அசையாமல் பிடித்திருத்தல் வேண்டும். வெந்நீர் பட்டால் அக்குழாய் இளகும். ஆதலின் வெந்நீருக்கு வேறு வகைக் குழாய் வேண்டும். பொருளின் இயல்பறிந்து பயன்படுத்துவதே கைத்தொழிலின் கல்வி.

இக்கல்வியின் அருமையை நான் உணர்ந்தது ஓர் இடர் வந்தபோதுதான். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் புதிதாக ஒரு குளியலறை கட்டுவித்தேன். குறைந்த கூலிக்கு ஒருவர் விரைந்து முடித்தார். ஓர் ஆண்டு கழிந்தபின் என் பேரன் வயிற்றுப்போக்கினால் மிகவும் நலிந்தான். மருத்துவர் அவனுக்கு மருந்து தந்ததோடு, "வீட்டு நீரைச் சோதியுங்கள்" என்று எனக்கும் ஒரு கட்டளை இட்டார்.

அயல்தெருவிலிருந்த குழாய்த் தொழிலாளர் ஒருவரை அழைத்தேன். வந்தவர் உடனே உளியை எடுக்கவில்லை. நாற்றம் என்று தொடங்கியது, குளியலறை எப்போது கட்டியது, கழிவுக்குழாய் எப்பக்கம் போகிறது என்று ஒவ்வொன்றாக வினவினார். பிறகு சாயப்பொடியை நீரில் கரைத்துக் குளியலறைத் துளையில் ஊற்றினார். மறுநாள் காலை நிலத்தடித் தொட்டியின் நீரில் அச்சாயம் படர்ந்திருந்தது! தரையைத் தோண்டினோம். கழிவுக்குழாய் தொட்டிக்கு ஒரு முழத் தொலைவில் சென்றது. அதன் இணைப்பில் பசையே இல்லை. குழாயைச் செருகி, மேலே சிமெண்டு பூசி மறைத்திருந்தார்கள். கசிந்த நீர் தொட்டிச் சுவரின் விரிசல் வழியே உள்ளே இறங்கியிருந்தது.

செலவுக்கு அஞ்சிய நான், "தம்பி, அந்த இணைப்பை மட்டும் அடைத்துவிட்டால் போதாதா?" என்றேன்.

"அடைக்கலாம், ஐயா. ஆனால் மண் மூடிய பின் அது கசிகிறதா என்று நீங்களும் பார்க்க முடியாது. நானும் பார்க்க முடியாது. குடிப்பவன் குழந்தையாயிற்றே" என்றார் அவர்.

நான் வாய் திறக்கவில்லை. அவர் கழிவுக்குழாயைத் தொட்டியை விட்டு விலக்கி வேறு வழியே கொண்டு சென்றார். கொத்தனார் தொட்டியின் விரிசலைச் செப்பனிட்டார். தொட்டியைக் கழுவி நஞ்சு நீக்கினோம். வேலை முடிந்தது என்று நான் எண்ணினேன். அவரோ குழாயின் கீழ்முனையை அடைத்து, நீர் நிரப்பி, நீர்மட்டத்தில் ஒரு கோடிட்டு, "இன்று மூட வேண்டாம், நாளை வருகிறேன்" என்று சொல்லிச் சென்றார். மறுநாள் கோட்டிலிருந்து நீர் இறங்காமை கண்ட பின்னரே பள்ளத்தை மூடினார். மாணவர் ஏட்டில் விடும் பிழையை ஆசிரியர் காண்பார், திருத்துவார். இவர் செய்யும் பிழையோ சுவரினுள்ளும் மண்ணினுள்ளும் மறைந்துவிடும். அதனைக் காணும் ஆசிரியர் அவருடைய மனச்சான்று ஒன்றே.

இத்தகைய கசிவு ஒரு தெருவையே அழித்த வரலாறும் உண்டு. 1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிராட் தெருவைச் சுற்றி வாந்திபேதி பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கால மருத்துவர் பலர் நோய் தீய காற்றால் வருவது என்று நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோர் எந்நீரைப் பருகினர் என்று வீடுதோறும் ஆராய்ந்தார். தெருவின் அடிகுழாயே காரணம் என்று எடுத்துரைத்தார். அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. மறு ஆண்டு அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைந்த தொலைவில் பழுதுற்ற கழிவுக்குழி ஒன்று காணப்பட்டது. என் வீட்டுக் கதையும் அந்நகரின் கதையும் ஒன்றே அன்றோ!

குழாய்த் தொழிலாளரை மதிப்பது என்பது சொல்லளவில் நிற்பதன்று. அடைப்பெடுக்க வந்தவரைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்குமாறு ஏவுதல் கொடுமை. அங்குத் தேங்கும் நச்சுக்காற்று நொடிப்பொழுதில் உயிரைக் கொள்ளும். பாதுகாப்பின்றி அவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. அவ்வேலைக்குப் பொறிகள் உள்ளன, மனிதர் தேவையில்லை.

மாணவர்களே! உங்களால் ஆவனவும் சில உள. உங்கள் வீட்டின் தலைமை வால்வு எங்குள்ளது என்று இன்றே அறிந்து கொள்ளுங்கள்; குழாய் உடைந்தால் முதலில் அடைக்க வேண்டியது அதுவே. ஒழுகும் குழாயை அற்பமென்று விடாதீர்கள். நொடிக்கு ஒரு துளி எனின், ஒரு நாளைக்கு 86,400 துளி ஆகும். 20 துளியை ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டாலும், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல் வீணாகும். அதனை நிறுத்தப் பெரும்பாலும் ஒரு சிறு வாஷரே போதும்.

அத்தொழிலாளர் இன்றும் எங்கள் தெரு வழியே மிதிவண்டியில் கருவிப் பையோடு செல்வதுண்டு. என் பேரன் அவரைக் கண்டால் கைகூப்புவான். யாரும் அவனுக்கு அதனைக் கற்பிக்கவில்லை.