கணக்கில் கோட்டை விடும் பிள்ளைகளுக்கு கைகொடுக்கும் ‘கம்ப்யூட்டர் வாத்தியார்’

‘எம் பையனுக்கு கணக்குன்னாலே காய்ச்சல் வருது’ என்று புலம்பாத பெற்றோர் குறைவு. 8-ம் வகுப்பு படிக்கிறான். ஆனால் வகுத்தல் வராது. டியூஷனுக்கு பணம் கட்டியும் பலன் இல்லை. காரணம் என்ன? அவன் 4-ம் வகுப்பிலேயே ஒரு படியை தவற விட்டிருப்பான். பள்ளியிலும் டியூஷனிலும் நடப்பதோ 8-ம் வகுப்பு பாடம்!

அந்த தவறிய படியை தேடிப்பிடித்து அங்கிருந்து சொல்லிக் கொடுப்பதுதான் ‘கம்ப்யூட்டர் வாத்தியார்’ சாப்ட்வேரின் வேலை.

எப்படி கண்டுபிடிக்கிறது?

0.27, 0.5 இதில் எது பெரியது என்று கேட்கிறது. பையன் 0.27 என்கிறான். ‘தப்பு’ என்று சொல்லிவிட்டு போவதில்லை. அடுத்து 0.15, 0.4 என்று கேட்கிறது. 0.15 என்கிறான். விஷயம் புரிந்து விட்டது! புள்ளிக்கு பின்னால் இருப்பதை முழு எண்ணாக நினைத்து, ‘5-ஐ விட 27 பெரிசுதானே’ என்று போடுகிறான். உடனே பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற பாடத்துக்கு அழைத்துப் போகிறது. அது தேறினால்தான் அடுத்த கணக்கு.

இது சின்ன விஷயம் அல்ல. ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர் படிப்பவர்கள் மைக்ரோமீட்டரில் 0.01 மில்லி மீட்டர் வரை அளக்க வேண்டும். புள்ளிக் கணக்கு தெரியாவிட்டால் தொழிலும் கைக்கு வராது.

டெல்லியில் நடந்த சோதனை

பலன் உண்டா? 2015-ல் டெல்லியில் சோதித்துப் பார்த்தார்கள். அரசு பள்ளிகளில் படிக்கும் 619 மாணவ-மாணவிகளை சேர்த்து, குலுக்கல் போட்டு பாதிப் பேருக்கு ‘மைண்ட்ஸ்பார்க்’ மையத்தில் இலவச இடம் கொடுத்தனர். அவர்களில் 6-ம் வகுப்பு பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தனர். 9-ம் வகுப்பில் இந்த இடைவெளி நாலரை வகுப்பு!

நாலரை மாதம் கழித்து பரீட்சை வைத்தார்கள். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களின் கணக்கு முன்னேற்றம், கிடைக்காதவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வு முடிவு 2019-ல் வெளியானது.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அந்த மையத்தில் பிள்ளைகளை கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டு யாரும் போகவில்லை. தினமும் 45 நிமிடம் கம்ப்யூட்டர், 45 நிமிடம் ஆசிரியரிடம் குழுவாகப் பாடம். வாரத்தில் 6 நாள்.

பெற்றோர் கவனத்துக்கு...

செல்போனில் ஏதாவது ஒரு ‘ஆப்’ போட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பிள்ளை தப்பு செய்தால், ஏன் தப்பு என்று விளக்குகிறதா? தேவைப்பட்டால் கீழ் வகுப்பு பாடத்துக்கு இறங்கி வருகிறதா? வெறும் வீடியோவும் மார்க்கும் மட்டும் காட்டினால் அது வாத்தியார் அல்ல, டி.வி.தான்!

8-ம் வகுப்பு பையன் 4-ம் வகுப்பு கணக்கு போடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ‘இதுகூட தெரியாதா?’ என்று திட்டாமல் இருந்தாலே பாதி கணக்கு வந்துவிடும்.