உஷார்! ‘ரத்தத்தில் ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்துக்கோ உளுந்தூர்பேட்டைக்கோ பஸ் ஏறி ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் லேப்களில் ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் கிடைக்கிறது. அதில் சர்க்கரை, கொழுப்போடு சிஇஏ, சிஏ 125 என்ற புற்றுநோய்க் குறியீடுகளும் ஒன்றிரண்டு வரிகளாகச் சேர்ந்து வருகின்றன. கேன்சருக்கும் பார்த்தாயிற்று என்று வீட்டில் நிம்மதி. மார்பில் தட்டுப்படுகிற கட்டியும் வாயில் ஆறாத புண்ணும் அந்த ஒரு ‘நார்மல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

சினைப்பைப் புற்றுநோய் முதல் கட்டத்தில் இருக்கிற பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு சிஏ 125 ஏறுவதே இல்லை. மாதவிலக்கு நாளிலும் கர்ப்பத்திலும், வயிற்றில் காசநோய் வந்தாலும் அது ஏறும். பீடி சிகரெட் பிடிப்பவருக்கு சிஇஏ சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சிகிச்சையில் இருப்பவருக்கு மருந்து கேட்கிறதா என்று டாக்டர் பார்ப்பதற்கு உதவுகிற எண்கள் இவை. நோயே இல்லை என்று உறுதி சொல்ல இவற்றால் முடியாது.

சரி, ரத்தத்தில் புற்றுச்செல்லையே நேராகத் தேடிப் பிடித்துவிட்டால்? அந்தத் தேடலுக்கு வயது 150 ஆண்டுக்கு மேல். 1869ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் இருந்ததைப் போன்ற செல்களையே பார்த்துப் பதிவு செய்தார். அவற்றை எண்ணுவதற்கான செல்சர்ச் என்ற கருவிக்கு அமெரிக்க அரசு 2004ல்தான் அனுமதி கொடுத்தது. நோய் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயாளியின் 7.5 மில்லி ரத்தத்தில் 5 செல் இருந்தாலே நிலைமை மோசம் என்று கணக்கு. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணு மட்டுமே சுமார் 500 கோடி. அதற்குள் ஐந்தைத் தேட வேண்டும்.

தேடும்போது ஒரு விதி வைத்திருந்தார்கள். வெள்ளையணுக்களின் மேல் சிடி45 என்றொரு புரதம் இருக்கும். அந்த அடையாளம் உள்ள செல்லை ‘இது நம் பாதுகாப்புப் படை’ என்று ஒதுக்கிவிடுவார்கள். விதி சரிதானே என்றுதான் தோன்றும். ஆனால் அந்த அடையாளத்தைத் தாங்கிக்கொண்டே சுற்றுகிற புற்றுச்செல்களும் உண்டு என்பதுதான் இப்போது தெரிய வந்திருக்கிறது. காவலுக்கு வந்தவனைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, அவன் சட்டையையே மாட்டிக்கொண்டு திரிகிற திருடன் மாதிரி.

கட்டியை அழிக்க வருகிற மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணு, சில வேளை புற்றுச்செல்லோடு ஒட்டி, இரண்டும் ஒரே செல்லாகிவிடுகிறது. வெள்ளையணு ஓடியாடுகிற செல். எந்தத் திசுவுக்குள்ளும் புகுந்து வெளியே வரத் தெரிந்தது. புற்றுச்செல்லுக்கு ஓயாமல் பெருகத் தெரியும். இந்த இரண்டு குணமும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? எலிகளில் செய்த சோதனைகளில் இந்தக் கலப்புச் செல்கள் சாதாரணப் புற்றுச்செல்லைவிட வேகமாகப் பரவின. ஜெர்மனியின் ஓட்டோ ஐஷெல் 1911லேயே இப்படி நடக்கலாம் என்று எழுதிவைத்திருந்தார். உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2018ல் அமெரிக்காவின் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகத்தில் மெலிசா வாங் குழுவினர் மனிதர்களிடமே இதற்குச் சான்று காட்டினார்கள். ஆண் ஒருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்ற பெண்களுக்கு ரத்தச் செல்களில் ஆணின் ஒய் குரோமோசோம் இருக்கும். அப்படிப்பட்ட பெண்களுக்குப் பிற்பாடு வேறு உறுப்பில் கட்டி வந்தபோது, அந்தக் கட்டியின் செல்லுக்குள்ளும் ஒய் குரோமோசோம் இருந்தது. பெண்ணின் புற்றுச்செல்லில் அது வர வேறு வழி ஏது? மஜ்ஜையிலிருந்து வந்த வெள்ளையணுவோடு அது கலந்திருக்க வேண்டும். கணையப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் கலப்புச் செல்கள், வழக்கமாக எண்ணுகிற புற்றுச்செல்களைவிட அதிகமாக இருந்தன. அவை கூடுதலாக இருந்தவர்கள் குறைந்த காலமே உயிரோடு இருந்தார்கள். இத்தனை நாள் ‘நம் ஆள்’ என்று ஒதுக்கிவைத்த கூட்டத்துக்குள்ளேயே எதிரி இருந்திருக்கிறான்.

இந்தக் கலப்புச் செல்களை எண்ணிச் சொல்கிற டெஸ்ட் இன்னும் ஆய்வுக்கூட நிலையில்தான் இருக்கிறது. நாளைக்கே யாராவது ‘கலப்புச் செல் டெஸ்ட், ஒரு சொட்டு ரத்தம் போதும், எல்லாக் கேன்சரும் தெரிந்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் விலை சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சிகிச்சை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குப் பதைப்பு அதிகம். ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, முடியும் திரும்ப முளைத்துவிட்டது. இனி எதற்குப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அலைச்சல் என்று நின்றுவிடுகிறார்கள். போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள். கஷ்டம்தான், புரிகிறது. ஐந்து வருஷம் தினமும் சாப்பிடச் சொன்ன டமோக்சிஃபென் மாத்திரையை நடுவிலேயே விட்டுவிடுகிற அம்மாக்களும் உண்டு. மார்பகப் புற்றுநோய் பத்து வருஷம் கழித்துக்கூட எலும்பிலோ நுரையீரலிலோ தலைகாட்டும். கட்டியை எடுத்த நாளிலேயே சில செல்கள் வேறிடம் போயிருக்கலாம். எந்த ரத்த ரிப்போர்ட்டும் அதைச் சொல்லியிருக்காது. செக்கப் தேதியைத் தவறவிடாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு இரண்டு தப்பான முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். ‘ரத்தத்தில் புற்றுச்செல் ஓடுகிறதாம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும்’ என்று நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது பாவம். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. ‘ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும்’ என்று பயாப்சிக்குப் பயந்து ஓடுவது அதைவிட ஆபத்து. செல்கள் ஊசிக்காகக் காத்திருப்பதில்லை, கட்டியிலிருந்து தானாகவே கிளம்புகின்றன. பயாப்சியைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அவற்றுக்குத்தான் லாபம். பெரும்பாலான கட்டிகளில் என்ன வகைக் கேன்சர், எந்த மருந்து என்று பயாப்சி இல்லாமல் டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்துச் சில நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். புகையிலை போடுகிறவர்கள் வாயைத் திறந்து காட்டினாலே போதும். சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கார்டு இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள்.

வலிக்காத கட்டியா, இரண்டு வாரமாக ஆறாத வாய்ப்புண்ணா, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கா, காரணம் தெரியாமல் உடம்பு இளைக்கிறதா? ரத்த ரிப்போர்ட் நார்மலாகவே இருக்கட்டும். அதை வைத்துவிட்டு, உடம்பைக் காட்ட நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள்.