விற்பனைக்கு வந்த எதிர்ப்பு

எதிர்க்கலாசாரம் என்றதும் நீண்ட தலைமுடி, மணிமாலை, பூப்போட்ட சட்டை என்பனவே பலருக்கு ஞாபகம் வரும். வாங்கிக் குவிக்கும் வாழ்க்கையை எதிர்த்தவர்கள், கடையில் வாங்கக்கூடிய உடையாக மட்டும் எப்படி எஞ்சினார்கள் என்பதே என் கேள்வி.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரில், ஹைட்-ஆஷ்பரி என்ற பகுதியில் ஹிப்பிகள் கூடி வாழ்ந்தனர். வியட்நாம் யுத்தத்தையும், வீடு, கார் என்று சேர்ப்பதே வாழ்க்கை என்ற எண்ணத்தையும் அவர்கள் மறுத்தனர். அவர்களது போதைப் பழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவர்களிடையே இயங்கிய 'டிகர்ஸ்' என்ற குழு என்னைக் கவர்ந்தது. 1649இல் இங்கிலாந்தில் பொதுநிலத்தைக் கொத்திப் பயிரிட்ட ஏழைகளின் பெயரையே இவர்கள் சூட்டிக்கொண்டார்கள். 1966 முதல் பூங்காவிலே சமைத்த உணவை இலவசமாகப் பகிர்ந்தார்கள். 'இலவசக் கடை'யும் திறந்தார்கள். வேண்டியதை எடுத்துச் செல்லலாம். காசு கேட்பார் இல்லை.

சந்தை இவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. 1967இல் ஒரு சுற்றுலாக் கம்பனி ஹிப்பிகளை வேடிக்கை பார்க்க பஸ் விட்டது! சிலர் அந்த பஸ்ஸை நோக்கி முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார்கள்; வந்தவர்கள் தங்களையே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தக் கோடையில் பல்லாயிரம் இளைஞர் வந்து குவிந்தனர். மணிமாலைக்கும் சுவரொட்டிக்கும் நல்ல வியாபாரம். பொறுக்க முடியாமல், ஒக்டோபர் 6ஆந் திகதி, 'ஹிப்பி இறந்துவிட்டான்' என்று அவர்களே சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள்.

இறந்தவனையும் சந்தை விடவில்லை. 1971இல் கொக்கா கோலா, இத்தாலியின் குன்றொன்றில் பல நாட்டு இளைஞரை நிறுத்திப் பாடவைத்து விளம்பரம் எடுத்தது. அன்பும் சமாதானமும் இப்போது ஒரு போத்தல் பானத்துக்காகப் பேசின.

முதலாளிகளின் தந்திரம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. தாம் வேறானவர் என்பதை உடுப்பாலும் மாலையாலும் காட்டியபோதே அதற்கு விலை ஒட்டுவது இலகுவாயிற்று. நுகர்வுச் சமூகத்துக்கு எல்லோரும் ஒன்றுபோல் இருப்பது இலாபமல்ல. 'நான் மற்றவளைப்போல் அல்ல' என்று ஒவ்வொருத்தியும் நினைத்தால்தான் வருடத்துக்கு வருடம் புதிது விற்கும். பூங்காவில் கொடுத்த சாப்பாட்டுக்கு விலை ஒட்ட வழியில்லை. அதனால்தானோ என்னவோ, டிகர்ஸ் என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

டெனிமைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளி உழைப்பதற்கு அணிந்தது, பின்பு எதிர்ப்பாளரின் உடையானது. இன்று கொழும்புக் கடைகளில் முழங்காலைக் கிழித்தே தொங்கவிட்டிருக்கிறார்கள், கிழிசலுக்கும் சேர்த்து விலை போட்டு.