மூன்றாம் பிரிவும் மாத்தளை வழியும்

1066இல் இங்கிலாந்தைப் பிடிக்க நோமண்டி வில்லியம் ஹேஸ்டிங்ஸில் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டான். 1815இல் கண்டிக்கு வந்த வெள்ளைக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. 1803இல் வந்து நாசமாய்ப் போன படைக்கு இம்முறை பிரதானிகளே வழி திறந்துவிட்டார்கள். பெப்ரவரி 18இல் மெதமகநுவரப் பக்கம் ஒளிந்திருந்த ராஜா பிடிபட்டார். மார்ச் 2இல் மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது.

சரித்திர வாத்தியாராக இருந்த காலத்தில் அந்த மண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவேன். தூண்களின் மரவேலையிலேயே அவர்கள் கண் நிற்கும். எனக்கோ ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவைச் சொல்ல வேண்டும். பௌத்தத்தைக் காப்பதாகச் சொன்ன ஐந்தாம் பிரிவை ஊரே அறியும்; மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. ராஜாவின் உறவினர் இந்நாட்டுக்கு எதிரிகள். வெளியேற்றப்பட்ட மலபார், அதாவது தமிழ், ஆண்கள் அனுமதியின்றித் திரும்பினால் இராணுவச் சட்டப்படி தண்டனை. ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க வழியினர், முன்பெயர் கண்ணுசாமி. விரட்டச் சம்மதித்த பிரதானிகளில் சிலரின் ஒப்பத்திலேயே தமிழெழுத்து இருப்பது வேறு கதை! ராஜா வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார்.

அவர் உயிரோடு இருக்கும்போதே தடை ஓட்டையாகிவிட்டது. 1818 கிளர்ச்சியை ஊர்களை எரித்து அடக்கிய பிறகு, ஆளுநர் பார்ன்ஸ் கண்டிக்குத் தெருப் போட்டார். கன்னொருவையில் தானே கோப்பியும் போட்டார். கண்டிக் குடியானவர் கூலிக்கு வரவில்லை. அதனால் தமிழ்நாட்டு ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தவர்களில் ஒருவர் என் பூட்டன். ஹேவாஹெட்டப் பக்கம் கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்தார்.

நிலம் எங்கிருந்து வந்தது? வெற்றிக்குப் பிறகு மண்ணெல்லாம் தன்னுடையது என்றான் வில்லியம். 1086இல் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று ஊரூராக எழுதி வைத்தான். இங்கே 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று போதுமாயிருந்தது. காடும் தரிசும் முடிக்குரியவை, சேனை நிலமென்றால் உறுதி காட்டு என்றது. தலைமுறையாய்ச் சேனை செய்தவனிடம் ஏது காகிதம்? அப்படிப் போன மலைகள் ஏக்கர் கணக்கில் துரைமாருக்கு விலைப்பட்டன. லூல்கந்துரத் தோட்டத்தில் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை போட்ட 1867இலேயே கண்டிக்கு ரயிலும் வந்தது.

நோமன்காரர் போகவில்லை. முந்நூறு வருடத்தில் அவர்கள் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசி அந்த ஊர்க்காரராகிவிட்டார்கள். கண்டியைப் பிடித்தவர்கள் 1948இல் கப்பலேறினார்கள். அதே வருடக் குடியுரிமைச் சட்டத்தில், அவர்கள் கொண்டுவந்த எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. தொண்ணூறுகளில் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. பிரஜாவுரிமை ஒருவழியாகக் கிடைத்தது. என் அக்கா இருக்கும் லயக் காம்பராவுக்கு இன்னும் உறுதி இல்லை.